நிலவுக்கு நான்கு நிமிடம் முன்பே அணைந்த புரொஜெக்டர்

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்கு நிலவு பூமியின் நிழலுக்குள் முழுதாகப் போனது. என் புரொஜெக்டர் அதற்கு நான்கு நிமிடம் முன்பே போய்விட்டது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சிறிய ஊர், அதன் பள்ளி மைதானம், தார்ப்பாயில் எண்பது பேர். நடுவில் நான் ஒருவன், கையில் டார்ச், வாயில் கேபிள். அன்று இரவு எனக்கு நடந்ததில் பாதியை யாராவது ஒரு மாதம் முன்பு டீக்கடையில் பத்து நிமிடம் பேசியிருந்தால் தவிர்த்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வைத்திருக்கிறேன். விடுமுறைகளில் அதைக் காரில் போட்டுக்கொண்டு மலையூர்களுக்குப் போவேன். வைணு பாப்பு வானாய்வகத்தைக் காவலூரில் வைத்ததற்குக் காரணமான அதே இருட்டு, இந்த மலையின் மற்ற பக்கங்களிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் தொலைநோக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். சிறுபிள்ளைகளுக்கு எட்டாது, வயதானவர்களால் குனிய முடியாது. அதனால் கண்வில்லையில் போனைப் பொருத்தி, அதில் தெரிவதை வயர் இல்லாமல் புரொஜெக்டருக்கு அனுப்பி, பள்ளிச் சுவரில் காட்டலாம் என்று யோசனை. "நிலா வெறுங்கண்ணுக்கே தெரியுமே, எதுக்கு இவ்வளவு?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். சுவர் முழுக்க நிலவின் பள்ளங்கள் தெரியும்போது பிள்ளைகள் போடும் சத்தத்தை ஒருமுறை கேட்டவன் அதற்குப் பதில் சொல்ல மாட்டான், போய் புரொஜெக்டர் வாங்குவான்.

2024 தீபாவளித் தள்ளுபடியில் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். எல்ஈடி விளக்கு, உள்ளேயே பேட்டரி, தண்ணீர்ப் பாட்டிலைவிடக் கொஞ்சம் பருமன். பெட்டியில் பெரிய எழுத்தில் "2.5 மணி நேரம்". அந்த வரியின் மேல் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி. அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அன்று நான் தேடவில்லை. பெட்டியின் அடிப்பக்கத்தில் இருந்தது: சிக்கன முறையில், குறைந்த ஒலியில். என் புரொஜெக்டரின் உள் பேட்டரி 59 வாட் அவர், அதாவது அது கொள்ளும் மின்சாரத்தின் அளவு. இந்த எண்ணைத்தான் முதலில் தேட வேண்டும். வாட் அவரை வாட்டால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும், அவ்வளவுதான் கணக்கு. சிக்கன முறையில் என் கருவி 24 வாட் எடுக்கிறது, எனவே இரண்டரை மணி நேரம் ஓடும். முழு வெளிச்சத்தில் 50 வாட்டுக்கு மேல் எடுக்கிறது, எனவே சுமார் ஒரு மணி நேரம்தான். பேட்டரியில் ஓடும்போது அது தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பவர் கொடுத்தால் தானாகவே கூட்டிக்கொள்கிறது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. இந்தத் தானாகக் கூட்டும் குணம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

பேட்டரி போதாது என்று தெரிந்ததும் முதலில் வாங்கியது 1,799 ரூபாய்க்கு ஒரு பவர் பேங்க். 20,000 மில்லி ஆம்பியர் அவர், 22.5 வாட். வீட்டில் சொருகினேன், புரொஜெக்டர் "பவர் போதவில்லை" என்று ஒரு மஞ்சள் குறியைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, குழாயில் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்கவில்லை. இது போன்ற புரொஜெக்டர்கள், கையடக்க மானிட்டர்கள் பலவும் டைப்-சி வழியாகப் பவர் டெலிவரி என்ற முறையில் பவர் எடுப்பவை. சொருகியதும் இரண்டு பக்கமும் ஒரு பேச்சுவார்த்தை நடத்தும்: உன்னிடம் 20 வோல்ட் இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் தருவாய் என்று. என் கருவி கேட்பது 20 வோல்ட், 3.25 ஆம்பியர், அதாவது 65 வாட். போனுக்கென்று செய்த பவர் பேங்கிடம் அந்த 20 வோல்ட்டே இல்லை. அதை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு 4,650 ரூபாய்க்கு 65 வாட் பவர் பேங்க் ஒன்று வாங்கினேன். இதுவும் அதே 20,000தான். அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு. பெருக்கினால் 74 வாட் அவர் வரும். வோல்ட்டேஜை ஏற்றுவதில் வெப்பமாகப் போவதைக் கழித்தால் கைக்கு வருவது அறுபது சொச்சம். விமானத்தில் கைப்பையில் அனுமதி கேட்காமல் கொண்டுபோக 100 வாட் அவர் வரைதான் வரம்பு, அதனால்தான் பெரிய பவர் பேங்குகள் பல 27,000 பக்கத்தில் நின்றுவிடுகின்றன என்பதும் இந்தக் கணக்கைக் கற்றபோது தெரிந்தது.

கிரகணம் பகுதியாகத் தொடங்குவது இரவு 9.57. முழுமை 11.00 முதல் 12.22 வரை. பகுதி முடிவது 1.26. மூன்றரை மணி நேரம். என்னிடம் உள் பேட்டரியும் பவர் பேங்கும் சேர்ந்து சுமார் 120 வாட் அவர். முழு வெளிச்சத்தில் இரண்டரை மணி நேரத்துக்குக்கூடக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கை இப்போது சரளமாக எழுதுகிறேன், அன்று போடவே இல்லை. தலைமையாசிரியர் போனில், "பள்ளிக்கூடத்துல ப்ளக் பாயின்ட் இருக்கு சார், கவலையே படாதீங்க" என்றார். நானும் படவில்லை.

மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். காற்றும் தூறலுமாக இருந்தது. 7.45க்குக் கரண்ட் போனது. மலையூரில் காற்றடித்தால் கரண்ட் போகும் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும், எனக்கு மட்டும் மறந்துவிட்டது. சரி, உள் பேட்டரி இருக்கிறதே என்று எட்டேகாலுக்குத் தொடங்கிவிட்டேன். கிரகணம் ஏன் வருகிறது என்று ஒரு படம், பாம்பு விழுங்குகிற கதையும் அதற்கு விளக்கமும், சில கேள்வி பதில்கள். கிரகணத்தில் சாப்பிடக் கூடாது என்பதற்குப் பதிலாகத் தலைமையாசிரியர் சுண்டல் ஏற்பாடு செய்திருந்தார். முதலில் பிள்ளைகள் வாங்கினார்கள், பிறகு தயங்கித் தயங்கிப் பெரியவர்கள். மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. பத்து மணிக்கு நிலவின் ஓரம் கடிபடத் தொடங்கியபோது சுவரில் அது அழகாகத் தெரிந்தது. பேட்டரியில் வெளிச்சம் குறைந்திருந்தும் நிலவே பளிச்சென்று இருந்ததால் குறை தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பத்தரைக்குப் போனில் 14 சதவீதம். கேமரா, வயர் இல்லாத இணைப்பு, முழு வெளிச்சத்தில் திரை, மூன்றும் சேர்ந்து குடித்திருந்தன. போனைப் பவர் பேங்கில் சொருகினேன். 10.40க்குப் புரொஜெக்டரின் பேட்டரி 4 சதவீதம் காட்டியது, அதையும் அதே பவர் பேங்கின் இன்னொரு துளையில் சொருகினேன். சுவர் சட்டென்று பிரகாசமானது, கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலின்போதே காரியம் கெட்டுவிட்டிருந்தது. இரண்டு துளைகளும் வேலை செய்தால் 65 வாட் கிடைக்காது, 45ஆகவும் 18ஆகவும் பிரியும் என்று பவர் பேங்கின் முதுகில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. வெளிப் பவர் கிடைத்த மகிழ்ச்சியில் புரொஜெக்டர் 24 வாட்டிலிருந்து 50க்குத் தாவிவிட்டது. வருவது 45, போவது அதற்கு மேல். மிச்சத்தைக் காலியாகிக்கொண்டிருந்த உள் பேட்டரி தந்தது. சுவரின் மூலையில் மஞ்சள் குறி வந்ததாம், முன்வரிசைப் பையன் ஒருவன் பிறகு சொன்னான். நான் தொலைநோக்கியை நகர்த்திக்கொண்டிருந்தேன். 10.56க்கு இருட்டு. "சார், படம் போச்சு!"

பதற்றத்தில் போனைப் பிடுங்கினேன். பேட்டரி பூஜ்யத்துக்குப் போன கருவி உடனே எழுந்திருக்காது, கொஞ்சம் சார்ஜ் ஏறிய பிறகுதான் பொத்தானுக்கு மசியும். எழுபது எண்பது பேர் இருட்டில் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து நிமிடம் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். 11.05க்கு வந்தது. 11.08க்குப் போன் 4 சதவீதம். வேறு வழி தெரியாமல் அதை மறுபடி அதே பவர் பேங்கில் சொருகினேன், மறுபடி இருட்டு. இந்த இரண்டாவது இருட்டுக்குக் காரணம் வேறு. இரண்டாவது துளையில் எதையாவது சொருகினால் பவர் பேங்க் ஒரு நொடி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று மறுபடி பேசத் தொடங்கும். பிடுங்கினாலும் அப்படித்தான். உள் பேட்டரியில் ஓரளவு சார்ஜ் இருந்தால் அந்த ஒரு நொடியை அது தாங்கிக்கொள்ளும், பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஏழெட்டு சதவீதத்தில் இருந்த பேட்டரியிடம் திடீரென்று 50 வாட் கேட்டால் வோல்ட்டேஜ் சரிந்து படுத்துவிடும். படுத்துவிட்டது.

வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்: வெளிப் பவரை முதலில் செலவழியுங்கள், உள் பேட்டரியைக் கடைசிவரை நிறைத்து வையுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். உள்ளே இருப்பதைத் தீர்த்துவிட்டு வெளியே போகலாம், பவர் பேங்கைச் சேமிப்போம் என்று நினைத்தது பார்ப்பதற்குச் சிக்கனம்போல இருந்தது. உள் பேட்டரி வீட்டு யுபிஎஸ் மாதிரி. கேபிள் கழன்றாலும், யாராவது காலால் தட்டினாலும், பவர் பேங்க் மாற்றினாலும் படம் நிற்காமல் காப்பது அதுதான். அடுத்தது, நிகழ்ச்சி நடுவில் அதே பவர் பேங்கில் வேறு எதையும் சொருகவும் கூடாது, எடுக்கவும் கூடாது. பக்கத்தில் ஒருவர் வந்து "சார், ஒரு அஞ்சு நிமிஷம் என் போனைப் போட்டுக்கவா?" என்று கேட்டால் கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள்.

முழு கிரகணத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிலவு செம்பு நிறமாகி மங்கிப்போகிறது. புரொஜெக்டரின் முழு வெளிச்சமும் தேவைப்படுவது அப்போதுதான், கையில் பவர் இல்லாததும் அப்போதுதான். கடைசியில் காரை மைதானத்துக்குள் கொண்டுவந்தேன். டிக்கியில் எப்போதோ 1,200 ரூபாய்க்கு வாங்கிய 150 வாட் கார் இன்வெர்ட்டர் ஒன்று கிடந்தது. சிகரெட் லைட்டர் துளையில் அதைச் சொருகி, அதில் புரொஜெக்டரின் சொந்த அடாப்டரைச் சொருகினேன். பவர் பேங்க் முழுதாகப் போனுக்கு. இன்வெர்ட்டர் குளவிபோல ரீங்காரம் போட்டது, ஆனால் 11.35க்குச் சுவரில் செந்நிலவு வந்தது. குனிய முடியாத ஒரு பாட்டி சுவருக்குப் பக்கத்திலேயே போய் நின்று, "மெய்யாலுமே செவந்துதான் கெடக்குது" என்று தொட்டுப் பார்த்தார். அந்த 82 நிமிட முழுமையில் நான் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது பத்து நிமிடம் தேறாது. பணத்தைவிட எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கூட்டம் கலைந்து, எல்லாவற்றையும் கட்டிவைத்து, 1.40க்குச் சாவியைத் திருப்பினால் கார் "டிக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுகொண்டது. ஒன்றரை மணி நேரம் இன்ஜின் ஓடாமல் பேட்டரியை உறிஞ்சியிருக்கிறேன். அதுவும் நான்கு வருடப் பழைய பேட்டரி. ஊர்ப் பையன்கள் ஆறு பேர் தள்ளினார்கள். மலை என்பதால் இறக்கம் இருந்தது, இரண்டாவது கியரில் உயிர் வந்தது. வழியில் எங்கேயும் இன்ஜினை அணைக்கப் பயந்து, வீடு வந்து சேர அதிகாலை நான்கு. மறுநாள் பேட்டரிக் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இது வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு. சினிமா ஓட்டுறதுக்கு இல்ல." கார் பேட்டரி சில நொடிகளுக்குப் பெரிய அளவில் மின்சாரம் தரும்படி செய்யப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஆழம்வரை உறிஞ்சினால் அதற்கு ஆகாது. புது பேட்டரி 4,300 ரூபாய். இன்வெர்ட்டர் என்பதே இங்கே தேவையில்லாத சுற்றுவழி என்றும் பிறகு புரிந்தது. 12 வோல்ட்டை 230க்கு ஏற்றி, அடாப்டர் மறுபடி அதை 20க்கு இறக்கி, இரண்டு இடத்திலும் வெப்பமாக வீணாகிறது. அதே துளையில் சொருகும் 65 வாட் பவர் டெலிவரி கார் சார்ஜர் இருக்கிறது, அதிலிருந்து நேராக டைப்-சி கேபிள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் வந்துவிடும். அதையும் இன்ஜின் ஓடும்போதுதான் நம்புவேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். அவமானமா சோர்வா தெரியவில்லை, புரொஜெக்டரைப் பையில் போட்டவன் டிசம்பர்வரை தொடவே இல்லை. கிளம்பும் அவசரத்தில் அடாப்டரைப் பிடுங்கியபிறகும் அணைக்காமல் விட்டிருக்கிறேன். அது தானாகத் தீர்ந்து அடங்கியிருக்கிறது. பூஜ்யத்தில் மூன்று மாதம். எடுத்துச் சொருகினால் விளக்குகூட எரியவில்லை. லித்தியம் செல் நிறைந்தால் 4.2 வோல்ட். 3 வோல்ட் அளவில் கருவி "தீர்ந்தது" என்று நிறுத்திவிடும். அதற்குப் பிறகும் உள்ளிருக்கும் சர்க்யூட் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே போனால் செல்லுக்குள் சேதம் தொடங்கும், பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜ் ஏறவே விடாது. சர்வீஸ் சென்டரில் முதலில் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். பேட்டரியை அளந்து பாருங்கள் என்று கெஞ்சியபிறகுதான் பேட்டரி என்று ஒப்புக்கொண்டார்கள். ஐந்து வாரம், 7,200 ரூபாய். காலியாக வைப்பது எவ்வளவு கெடுதலோ, நூறு சதவீதம் ஏற்றி வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வைப்பதும் ஏறத்தாழ அவ்வளவு கெடுதல். செல் உப்பிப்போகும். நீண்ட நாள் வைப்பதென்றால் பாதி சார்ஜ், வீட்டுக்குள் நிழலான அலமாரி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பார்வை. நான் அதைக் கேஸ் சிலிண்டர் தேதி எழுதும் காலண்டரிலேயே குறித்துவிடுகிறேன்.

1,799, 4,300, 7,200. மொத்தம் 13,299 ரூபாய், பெட்ரோல் சேர்க்காமல். இதன் பிறகு வாங்கியதில் மிகவும் உபயோகமானது சில நூறு ரூபாய் யுஎஸ்பி வாட் மீட்டர். கேபிளுக்கும் கருவிக்கும் நடுவில் சொருகினால் எத்தனை வோல்ட், எத்தனை வாட் போகிறது என்று திரையில் காட்டும். முதல் நாளே அது ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்தது. நான் பயன்படுத்தி வந்தது போனோடு வந்த கேபிள். டைப்-சி கேபிளுக்குள் அடையாளச் சிப் இல்லாவிட்டால் 3 ஆம்பியருக்கு மேல் பவர் பேங்க் விடாது, 20 வோல்ட்டில் அது 60 வாட். என் 65 வாட் பவர் பேங்கும் 65 வாட் புரொஜெக்டரும் அத்தனை நாள் அந்த ஒரு கேபிளால் 60க்குள் முடங்கிக் கிடந்திருக்கின்றன. 100 வாட் அல்லது 5 ஆம்பியர் என்று எழுதிய கேபிளாகப் பார்த்து வாங்குங்கள், ஐந்நூறு ரூபாய்க்குள்தான். நீளம் ஒரு மீட்டர் போதும். பனிக்குப் பயந்து பவர் பேங்கைத் துண்டில் சுற்றி வைக்காதீர்கள். சூடேறினால் அதுவாகவே தருவதைக் குறைத்துக்கொள்ளும். ஒரு பலகையின் மேல் காற்றோட்டமாக வைத்தால் போதும்.

இப்போது என்னிடம் 12.8 வோல்ட், 20 ஆம்பியர் அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று இருக்கிறது, 256 வாட் அவர். அதில் கார் சார்ஜர் துளை ஒன்றைப் பொருத்தி வாங்கினேன். முழு வெளிச்சத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, அப்போதும் புரொஜெக்டரின் உள் பேட்டரி நூறிலேயே நிற்கிறது. எந்த ஊருக்குப் போவதென்றாலும் அதற்கு முந்தைய ஞாயிறு வீட்டு மொட்டை மாடியில் முழு நேரத்துக்கும் ஓட்டிப் பார்க்கிறேன், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு. வீட்டில் திட்டு விழுகிறது.

நம் ஊரிலிருந்து முழுமையாகப் பார்க்கக்கூடிய அடுத்த முழு சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறப்பதற்கு முன். அதே மைதானம்தான் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். போனுக்குப் பவர்? இழுப்பறையில் போட்டிருந்தேனே, 1,799 ரூபாய்ப் பவர் பேங்க். 22.5 வாட் போனுக்குத் தாராளம். அன்று இரவு அது பையில் இருந்திருந்தால் போனை மூன்று முறை நிரப்பியிருக்கும். இப்போது அதன் மேல் "போனுக்கு மட்டும்" என்று மார்க்கரில் எழுதி, தொலைநோக்கிப் பெட்டிக்குள்ளேயே கட்டிவைத்துவிட்டேன்.